தாங்காத கிளை

ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஆளரவமே இல்லாத சாலை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்... நம் தையல்காரருடைய அக்காவின் கணவர், கடைசிக் கிளையை வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

செயற்கை மரம் செய்வது அவர் தொழில். நிஜப் பட்டையின் மேல் ரப்பர் ஊற்றி அச்செடுப்பார். இலையில் பூச்சி அரித்த ஓட்டை வரைக்கும் செய்துவிடுவார்.

"காக்காவே ஏமாந்துடும் மச்சான்! ஆனா உட்கார்ந்துச்சு... தொபுக்கடீர்தான்!" என்று தையல்காரர் கிண்டல் செய்வார்.

உண்மைதான். நடுத்தண்டுக்குள் மட்டும்தான் இரும்புக் குழாய். கிளையெல்லாம் கம்பியும் பஞ்சும். இலையைத் தவிர எதையும் தாங்காது.

ஆனால் இந்த மரம் அவர் வீட்டுக்கு. 'குருவி' என்று அவர் செல்லமாகக் கூப்பிட்ட ஒரே மகள், வாசல் மரத்தில் ஏறி, விழுந்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆத்திரத்தில் மரத்தை வெட்டிச் சாய்த்தார். அன்றிலிருந்து மனைவி சோற்றைத் தொடவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து அந்த வெற்றிடத்தையே பார்த்தாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். அவளாவது மிஞ்ச வேண்டுமே என்றுதான், வெட்டிய கட்டையிலேயே அச்செடுத்து அதே மரத்தைச் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே, வாசலில் நட்டிருந்த மரத்தில் கடைசிக் கிளையைப் பொருத்தினார். மனைவி இரண்டு வாய் சாப்பிட்டாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விளக்கை அணைத்தார்கள்.

சரக்... சரக்... பட்டையில் ஏதோ உரசியது. காயாத பெயின்ட் நெடியோடு மகளின் சோப்பு வாசனை...

தொப்.

விடிந்து பார்த்தால், அடிக்கிளை வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அவதாங்க. நீங்க செஞ்ச கிளை தாங்கலை. மறுபடியும் விழுந்துட்டா."

"காத்துல வளைஞ்சிருக்கும்மா," என்றார்.

மறுநாள் இரவும் தொப்! கிளையைப் பிரித்து உள்ளே இரும்பு வைத்தார். அன்றிரவு அந்தக் கிளை தாங்கியது. உரசல் அதைத் தாண்டி மேலே போனது. அடுத்த கிளையிலிருந்து... தொப்! அதற்கும் இரும்பு. அதற்கு மேல் கிளை... ஒவ்வொரு இரவும் உயரம் கூடியது. விழும் சத்தம் கனத்தது.

பொறுக்க முடியாமல் ரம்பத்தைத் தூக்கினார். மனைவி மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"முதல்ல அவ இறங்கட்டும்! இறங்கத் தெரியாமத்தானே ஏறித் தொலைச்சா!"

உச்சிக்கிளைக்கும் இரும்பு வைத்தார். தாங்காத கிளை என்று இனி ஒன்றுகூட இல்லை.

அன்றிரவு... சரக்... சரக்... உரசல் உச்சி வரை போனது.

நிற்கவில்லை. மரம் முடிந்த இடத்துக்கு மேலேயும், வெறும் வானத்தில், பட்டை உரசிக்கொண்டே போனது.

எங்கோ உயரத்திலிருந்து, "அப்பாஆஆ..." என்று ஓர் அலறல் கீழ்நோக்கிப் புறப்பட்டது. இருவரும் வாசலுக்கு ஓடினார்கள்.

அது நடந்து மூன்று நாள் கழித்து, நேற்றுத்தான் தையல்காரர் அங்கே போயிருந்தார். மரத்தடியில் இரண்டு பேரும் அண்ணாந்து, கைகளை ஏந்தியபடி நின்றிருந்தார்களாம். உதடெல்லாம் வெடித்திருந்ததாம்.

"அக்கா... ஒரு வாய் தண்ணியாவது குடிக்கா..."

அவள் தலையைத் திருப்பவில்லை.

"உஷ்... கிட்ட வந்துட்டா."