தீபன் அனுப்பிய பதினொரு வரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முதலில் துணிகளை ஊறப்போட்டுவிடுவேன். பிறகு லாபிஸ் சந்தைக்குப் போய்வந்து, சமைத்துவிட்டு, பத்து மணிக்குக் கணினி முன் உட்காருவேன். பன்னிரண்டு வரை அலையளவு நிரலுக்கு. மற்ற ஆறு நாளும் சிகாமட்டில் கையுறைத் தொழிற்சாலை வேலை. எனக்கென்று மிஞ்சும் அந்த இரண்டு மணி நேரத்தையும் ஊருக்குக் கொடுத்தவள் இந்தப் பிரேமலா. மெர்சிங் மீனவர் சங்கத்தார் நீங்கள் என்னிடம் விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிரல் என்னுடையது. மெர்சிங் கடலில் மிதக்கும் கருவி அனுப்பும் அலை உயரத்தை வாங்கிப் படகுக்காரர்களின் கைப்பேசியில் காட்டும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது. இலவசம். அதன் வரிகள் எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடக்கின்றன. குறை கண்டவர் திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதும் தள்ளுவதும் என் ஒருத்தி கையில்.

வாரம் பத்துப் பதினைந்து திருத்தங்கள் வரும். பாதி குப்பை. அதனால் சட்டம் வைத்தேன். சரியாக ஓடுகிறது என்று காட்டும் சோதனையை இணைக்காத திருத்தத்தைத் தொட மாட்டேன். ஒரு திருத்தத்தில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும். சம்பளமில்லாமல் உழைக்கிறவள் சட்டம் வைத்தால் அதில் என்ன தப்பு?

தீபன் ஆகஸ்டில் வந்தான். மெர்சிங் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவன். அவன் அண்ணன் வேலு மீன்பிடிப் படகுக்காரர். பதினொரு வரி அனுப்பியிருந்தான். கருவி பழுதாகி நின்றுவிட்டால், கடைசியாக வந்த அளவையே இப்போதைய அளவாக என் நிரல் காட்டிக்கொண்டிருக்கிறது, கடல் கொந்தளித்தாலும் பச்சை மாறாது என்றான். கீழே ஒரு வரி: "ரெண்டு வருஷமா இப்படியே இருக்கு, இத யாருமே பாக்கலையா லா?"

யாருமே என்றால் நான்தான். சுருக்கென்று தைத்தது, மறைக்க மாட்டேன்.

சோதனை கேட்டேன். அனுப்பினான். மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். பிரித்தான். பெயர்களை மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு பழைய பெயர்களே தேவலை என்றேன். ஒவ்வொன்றுக்கும் நான் மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன், அவன் அன்றைக்கே பதில் போடுவான். அவ்வளவு அவசரமென்றால் தனியாக ஒரு பிரதி எடுத்துத் திருத்திக்கொள்வதுதானே, யார் தடுத்தது? ஆனால் படகுக்காரர்கள் நம்பியது என்னுடையதைத்தான்.

நவம்பர் கடைசியில் எழுதினான்: "அக்கா, காத்து மாறிடுச்சு. அண்ணன் உங்க பச்சைய நம்பித்தான் போறாரு, நான் சொன்னா சிரிக்கிறாரு. இத மட்டும் சேத்துடுங்க அக்கா, ப்ளீஸ்."

அவசரப்படுத்துகிறவர்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளுவது என் வழக்கம் என்று பதில் போட்டேன். தள்ளவும் செய்தேன். இல்லாவிட்டால் கத்துகிறவனுக்கெல்லாம் முதலிடம் என்றாகிவிடும்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி கருவி நின்றது. நிரல் பச்சை காட்டியது. வேலுவும் இன்னொருவரும் கடலுக்குப் போனார்கள். படகு மூன்றாம் நாள் கிடைத்தது. அவர்கள் கிடைக்கவில்லை.

உங்கள் சங்கத்தின் கேள்வி ஒன்றுதான்: அந்தத் திருத்தத்தைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லையா? என்னோடு வேலை செய்யும் கஸ்தூரிகூட, "டைம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி, யாரு உன்னைக் கேக்கப் போறா?" என்றாள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. திருத்தம் வந்த முதல் ஞாயிறே படித்தேன். என் கணினியில் ஓட்டியும் பார்த்தேன். சரியாக இருந்தது, நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அதனால்தான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால், என் நிரல் இரண்டு வருடம் பொய் சொன்னதை ஒரு டிக்கெட்காரப் பையன் கண்டுபிடித்தான் என்று அவன் பெயரோடு காலத்துக்கும் பதிவாகியிருக்கும். வேலு கடலுக்குப் போகிறவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தி வைத்திருந்தேன்.

அவர்களைத் தேடுவதை நிறுத்திய வாரம், அந்தப் பதினொரு வரியையும் என் பெயரில் சேர்த்துவிட்டேன். இப்போது கருவி நின்ற உடனே சிவப்பு வருகிறது. மெர்சிங்கிலிருந்து ஒருவர்கூட நன்றி என்று எழுதவில்லை.