துத்தி இலைக் களி

கச்சிராயபாளையத்தில் என் கடைக்கு வந்துவிட்டுச் சிரிக்காமல் திரும்பியவர் யாருமில்லை, ஐயா. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலை ஓடைகளில் பொன்மணல் அரிப்பவர்களுக்குப் பாதரசம் விற்றேன். மணலில் விட்டுப் பிசைந்தால், கண்ணுக்குத் தெரியாத பொன்னையெல்லாம் அது உருண்டையாகத் திரட்டிக் கொடுக்கும். உருண்டையைச் சுட்டால் பாதரசம் புகையாகிவிடும், தங்கம் மிஞ்சும். புகை பொல்லாதது. அதனால் வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுடச் சொல்வேன்.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையெங்கும் வெட்டிப்போட்ட மரங்கள் கிடந்தன. சேலத்துச் சரக்கு நின்றுபோனது. மணல் அரிக்கும் கொளஞ்சியம்மாள் சும்மா இருப்பாளா? துத்தி இலையை இடித்துக் களியாக்கி, அரிக்கும் தண்ணீரில் கரைத்தாள். அந்தக் கொழகொழப்பில் மணல் வழுக்கிக்கொண்டு போக, பொன் தட்டின் அடியில் தங்கியது. ஓடையே கொண்டாட்டமாகிவிட்டது. நானும் கைதட்டினேன்.

"இன்னாண்ணே, உன் பாதரசத்த நீயே வச்சிக்க. இதுல தலவலி இல்ல, கை நடுக்கம் இல்ல. மிச்சக் களியில பொன்ன உருட்டி வூட்டு அடுப்புலயே சுட்டுக்கினு இருக்கோம்," என்றாள்.

அவளை எனக்கு நிஜமாகவே பிடிக்கும். ஆனால் பயமாகவும் இருந்தது. துத்தி வேலியோரம் சும்மா முளைப்பது. சாலை திறந்தாலும் என்னிடம் யார் வருவார்கள்?

நல்ல மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அவள் வீட்டுப் பக்கம் போனேன். களிச் சட்டி வாசலில் இருந்தது. விற்காமல் வைத்திருந்த கடைசிப் பாதரசப் புட்டியை அதில் ஊற்றிப் பிசைந்தேன். களி பச்சையாகவே இருந்தது. அன்று ராத்திரி மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் களியில் உருட்டிய பொன்னை அவளும் புருஷன் வேடியப்பனும் அடுப்பருகே உட்கார்ந்து சுட்டிருக்கிறார்கள்.

மறுநாள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பஸ் ஏது? கட்டிலில் வைத்துத் தூக்கினோம். அவளைத் தூக்கிய கட்டிலின் ஒரு காலை நான் பிடித்தேன். மரம் கிடந்த இடமெல்லாம் இறக்கி வைத்து, தாண்டி, மறுபடி தூக்கினோம்.

"எலதாண்ணே இன்னாவோ பண்ணிடுச்சி," என்றாள். தலையைத் தடவி ஆறுதல் சொன்னேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

ஊரே துத்திச் செடியைப் பிடுங்கி எறிந்தது. சாலை திறந்ததும் கடையில் நிற்க இடமில்லை. பழையபடி சிரிப்பும் பேச்சும்தான். நான்தான் கொன்றேன், மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வெளியில் வைத்துச் சுடு என்று சொல்லாமல் ஒரு புட்டிகூடக் கொடுத்ததில்லை. என் பாதரசத்தால் இதுவரை யாருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை.