திறக்காத கண்ணாடி மூடி

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். விழிஞ்ஞத்திலிருந்து முல்லூர் போகிற சாலை... ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கடல். இரண்டாயிரத்து மூன்றில் அங்கே அந்த நேரத்துக்கு ஒரு நாய்கூட நிற்காது. விஜய்குமார் ஸ்கூட்டரில் முல்லூர் வீட்டுக்குத் தனியாக வருகிறான். நம்ம சஜியின் பெரியம்மா மகன். சஜி இதோ இருக்கிறான், பொய்யென்றால் அவனே சொல்லட்டும். லிபி, சிரிப்பதானால் வெளியே போய்ச் சிரி. எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தலைக்கு மேலே ஒரு சத்தம். விமானம். ஏர்போர்ட் இருக்கிற ஊரில் அதென்ன அதிசயம் என்பீர்கள். ஆனால் இது பயணிகள் விமானம் இல்லை. தடதடவென்று ஓர் இரைச்சல்... அதற்குள்ளே மெல்லிசாக ஒரு கீச்சு. விஜய்குமார் வண்டியை நிறுத்திவிட்டான். அந்தச் சத்தம் வானத்தில் வரவே முடியாது. ஏனென்றால் அதை உண்டாக்கியதே அவன்தான்.

கோவளத்தில் அவனுக்கு ஒரு பிரவுசிங் சென்டர். பிழைப்பு அது. கிறுக்கு வேறு. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறதே, அதில் பறப்பதற்குப் பழைய போர் விமானங்களைச் செய்து இன்டர்நெட்டில் விடுவான். எல்லோருக்கும் தெரிந்த விமானம் அவனுக்கு ஆகாது. உலகப் போர்க் காலத்தில் சோதனைக்காக ஒன்றே ஒன்று செய்துவிட்டுக் கைவிட்டார்களே, அந்த மாதிரிதான் வேண்டும். அப்படி ஒன்றைப் பிடித்தான். கடலில் விழுந்த விமானம். விழுந்தபோது ஓட்டிய வெள்ளைக்காரனுக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடிதான் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே... போய்விட்டான்.

பழைய புகைப்படங்களை வைத்து உருவத்தைச் செய்தான். சத்தத்துக்கு எங்கே போவது? விழிஞ்ஞத்து மீன்பிடி வள்ளத்தின் மண்ணெண்ணெய் எஞ்சின் சத்தத்தையும், பொண்டாட்டி சுஜாவின் மிக்ஸி சத்தத்தையும் கலந்து ஒன்று உண்டாக்கினான். இந்தச் சிமுலேட்டர்க் கூட்டத்துக்கு ஒரு வீம்பு உண்டு. அசலில் என்ன பழுதோ, அது இதிலும் அப்படியே இருக்க வேண்டும். அதனால் மூடியையும் திறக்காதபடியே செய்து வைத்தான்.

ஓட்டிப் பார்க்கிறவன் சுஜாவின் தம்பி பிரஜின். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை.

"அத்தான், கடல்ல விழுந்த பொறவு அந்த மூடி ஒண்ணு திறக்கட்டும். எனக்கு மூச்சு முட்டுகு."

"அசலுல திறக்கல்ல, கேட்டியா? இதுலயும் திறக்காது. உனக்குப் பயம்னா சொல்லு, நான் வேற ஆளப் பாக்கேன்."

இப்படிச் சொன்னால் எவன் விடுவான்? இன்றைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன் என்று பிரஜின் உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் கடையில் திருட்டுப் போனதிலிருந்து அவன் படுக்கை அத்தானின் கடைக்குள்ளேதான். விஜய்குமார் ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான், அன்றைக்கும் அப்படித்தான். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியக் கூடாதாம். நல்ல யோசனை, போ!

இப்போது சாலைக்கு மேலே அந்தச் சத்தம் தாழ்ந்தது... இன்னும் தாழ்ந்தது... கடல் பக்கம் போய்ச் சட்டென்று நின்றுவிட்டது. தண்ணீர் தெறித்த ஓசைகூட இல்லை. காற்றில் மண்ணெண்ணெய் நாற்றம் மட்டும் வந்தது.

பிரஜின்! விஜய்குமார் வண்டியைத் திருப்பினான். எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

கடை வாசலில் நிற்கும்போதே உள்ளே சத்தம். டப்... டப்... டப். ஷட்டரில் தட்டினால் தகரம் அதிரும். இது அப்படி இல்லை. உள்ளங்கையால் கண்ணாடியில் அடிக்கிற சத்தம். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது.

"மக்கா! பிரஜினே! இந்தா வந்துட்டேன்!"

ஷட்டரைத் தூக்கினான். பிரஜின் நாற்காலியில் இருந்தான். முகம் கறுத்து, கண் பிதுங்கி... இரண்டு கையாலும் தலைக்கு மேலே அடிக்கிறான். அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. ஆனால் கை எதிலோ முட்டி நிற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் டப் என்று கேட்கிறது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். நாற்காலியோடு இழுத்துப் பார்த்தான். பிரயோசனமில்லை. பையன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், மூச்சு உள்ளே போகவில்லை.

அப்போதுதான் விஜய்குமாருக்குப் புத்தியில் உறைத்தது. கம்ப்யூட்டர் முன்னால் விழுந்தான். மூடி திறக்காதபடி தான் எழுதிவைத்திருந்த அந்த ஒரு வரியை மாற்றினான். விமானத்தை மறுபடி ஏற்றி, பொத்தானை அழுத்தினான். திரையில் கண்ணாடி மூடி மெதுவாக... பின்னால் நகர்ந்தது.

"ஹா...!" என்று பிரஜின் மூச்சை இழுத்தான். குனிந்து தரையில் கக்கினான். எல்லாம் கடல் தண்ணீர்.

"திறந்துட்டேன் மக்கா. இனி ஒண்ணும் இல்ல. திறந்துட்டேன்." விஜய்குமார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். தன் வீம்பு ஓர் உயிரைத் தின்றிருக்குமே என்று புலம்பினான்.

அழுதபடியே திரையைப் பார்த்தான். விமானத்துக்குள் ஓட்டியின் உருவம் ஒன்றை அவன் செய்து உட்கார வைத்திருந்தான். இப்போது அந்த இருக்கை காலியாக இருந்தது. அவன் பிளக்கைப் பிடுங்கினான். பிரஜினை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முல்லூர் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

சுஜா கதவைத் திறந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அவர்களுக்குப் பின்னால், முற்றத்தைப் பார்த்தாள். கோவளத்து வெள்ளைக்காரர்கள் விஜய்குமாரோடு வீட்டுக்கு வருவது அவளுக்குப் புதிதில்லை. சாயிப்பு என்றுதான் சொல்லுவாள்.

"யாரு இந்த சாயிப்பு? ஐயோ, இப்படி நனைஞ்சு நிக்காரே!"

விஜய்குமார் திரும்பிப் பார்த்தான்; முற்றத்தில் யாரும் இல்லை. பிரஜின் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"வாங்க சார், உள்ள வாங்க" என்று சிரித்தபடி சுஜா கதவோரம் ஒதுங்கி வழிவிட்டாள். தன்னைக் கடந்து யாரோ உள்ளே போகிறவரை பொறுத்திருந்தாள். பிறகு, அவருக்குத் தலை துவட்டத் துண்டு எடுப்பதற்காக அவளும் உள்ளே போனாள்.