சத்தத்துக்கு ஒரு சிலை

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "என் தங்கச்சி சத்தத்துக்குச் செல செஞ்சிருக்கா."

"சத்தத்துக்கா? எப்பிடிக்கா?"

"அம்மா வேல பாத்த பட்டாசுக் கம்பெனி வெடிச்சுச்சுல்ல, அங்கன கெடந்த கூரைத் தகரத்த வாங்கி, வளைச்சு, வெல்டிங் வச்சு, ஆள் ஒசரத்துக்கு நிப்பாட்டிட்டா. மூஞ்சி, கை, காலு ஒண்ணும் கெடையாது."

"ஒங்கம்மாவுக்கு அன்னைக்கிலருந்து காது கேக்காதே. பாத்துட்டு என்ன சொன்னாக?"

"தங்கச்சி தாள்ல எழுதிக் காட்டுனா, இதுதான் அந்தச் சத்தம்னு. அம்மா மேலருந்து கீழ வரைக்கும் தடவிப் பாத்தாக. 'இம்புட்டுப் பெருசு இல்லடி. இதுல பாதிதான் எனக்குக் கேட்டுச்சு'ன்னு சொன்னாக."

"அவ என்ன செஞ்சா?"

"மறுநாளே பாதியா அறுத்துட்டா. சென்னைக் கண்காட்சிக்கு அந்தப் பாதிதான் போகுது."