பிலோமினா குடுத்த ஊசி

சர்க்கரை நோயைப் பத்திப் பேசக் கூப்பிட்டுட்டு, மேடையில எனக்கு ஜாங்கிரி வச்சிருக்கீங்களே... நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! சரி, குட்டியா ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லிடறேன்.

திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பேர் வேலை பார்த்தாங்க. குமுதவல்லி, பிலோமினா. ட்ரங்க் கால் காலம்... ஞாபகம் இருக்கா? "மெட்ராஸ் லைன் கிடைச்சிருச்சு, பேசுங்க சார்"னு ஒரு குரல் வருமே... ஆஹா! அந்தக் குரல்தான் இவங்க. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இவ சாப்பாட்டை அவ சாப்பிடுவா. அவ புடவையை இவ கட்டிக்கிட்டு ஊர்க் கல்யாணத்துக்குப் போவா. எது யாருதுன்னு அவங்களுக்கே தெரியாது! என்ன காலம்ங்க அது... நெனைச்சா இப்பவும் ஏங்குது மனசு.

ரிட்டையர் ஆனாங்க. ரெண்டு பேருக்கும் சர்க்கரை வந்துச்சு. முன்னெல்லாம் சந்திச்சா புடவையை ஒப்பிடுவாங்க. இப்ப? மாத்திரையை!

ஒரு நாள் பழைய ஆளுங்க எல்லாம் கூடினாங்க. பிலோமினாவைப் பார்த்த குமுதாவுக்கு அடையாளமே தெரியல.

"அடியே! பாதியா இளைச்சுட்டியே, என்னடி பண்ணின?"

"வாரத்துக்கு ஒரு ஊசி குமுதா. டாக்டர் குடுத்தாரு. சர்க்கரையும் எறங்குது, எடையும் எறங்குது. பசியே தெரியல."

"எனக்கு மாத்திரைதான். அதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து எடை ஏறிக்கிட்டே போகுது. அடுத்த மாசம் மகன் கல்யாணம்... பட்டு ரவிக்கையில கை நுழைய மாட்டேங்குதுடி."

பிலோமினாவுக்கு மனசு கேக்குமா? வீட்டு ஃப்ரிட்ஜுல இருந்து பிரிக்காத புது ஊசி ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டா.

குமுதா என்ன பண்ணினா? ஊசியையும் போட்டா... மாத்திரையையும் போட்டா! ஊசி பசியை அடக்கிருச்சு. சாப்பாடு எறங்கல. மாத்திரை சும்மா இருக்குமா? அது பாட்டுக்குச் சர்க்கரையைக் கீழ இழுத்துச்சு. பந்தக்கால் நடுற அன்னிக்கு, வேர்த்து விறுவிறுத்து... அங்கேயே விழுந்துட்டா.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த பிலோமினா, ஊசி குடுத்ததைச் சொன்னா. டாக்டர் அவளைக் கேட்டாரு: "ரெண்டும் நல்ல மருந்துதாம்மா. ஆனா யாருக்கு எது, எவ்வளவு, எதோட எதைச் சேர்க்கலாம்னு அவங்க உடம்பைப் பார்த்துதானே குடுக்கணும்? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

பிலோமினா தேம்பித் தேம்பி அழுதா. "அவளுக்கு நான் எதையும் இல்லேன்னு சொன்னதே இல்ல டாக்டர்..."

குமுதா பிழைச்சுட்டா. நல்ல நேரம், பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க. தனியா இருந்திருந்தா?

அம்மா, ஐயா... பிலோமினா கெட்டவளா? இல்லவே இல்ல. உங்களை மாதிரி, என்னை மாதிரி பாசக்காரி. மருந்தை ஒப்பிட்டுப் பாருங்க, வேணாங்கல. 'அவளுக்கு எடை எறங்குது, எனக்கு ஏன் ஏறுது?' நல்ல கேள்விங்க அது! கேளுங்க... உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. உங்களுக்கு ஏத்ததா மாத்திக் குடுக்க வழி இருந்தாலும் இருக்கும்.

உங்க சிநேகிதி நாளைக்கு உங்ககிட்ட வந்து கையை நீட்டுவா. அந்தக் கையில ஊசியை வைக்காதீங்க... அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட கூடவே போங்க. அதுதாங்க குடுக்கறது!