ஏழாம் பெட்டில் சைபர்

அலோ... அலோ, அண்ணா, நான்தான், லேப் ப்ரோக்ராம் எழுதுறவ... ஐயோ, வச்சிடாதீங்க! சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். இப்ப எங்க இருக்கீங்க?... வார்டு மாடியிலதானா? அப்பாடா... எந்திரிங்க. நடந்துக்கிட்டே பேசுங்க.

ஏழாம் நம்பர் பெட். உங்க ஸ்கிரீன்ல சர்க்கரை சைபர்னு காட்டுதா?... ஆமா, ஆமா... அது சைபர் இல்லண்ணா! அந்த அம்மாவுக்கு சர்க்கரை எக்கச்சக்கம். மெஷினால அளக்கவே முடியல...

இல்ல, நான் அனுப்பினது சரிதான். அளவு தாண்டிட்டா எண் போகாது, 'அளவு தாண்டியது'ன்னு எழுத்தா போகும். நீங்க எழுதின வார்டு ப்ரோக்ராம் எண்ணை மட்டும்தான் வாங்குது. எழுத்து வந்தா சைபர்னு போட்டுக்குது... ஆமாண்ணா, இப்பத்தான் பார்த்தேன். நர்ஸ் அதை நம்பி குளுக்கோஸ் ஏத்திடுவாங்க!... வார்டுக்கு அடிக்காமலா இருப்பேன்? அஞ்சு தடவை அடிச்சாச்சு, யாரும் எடுக்கல. ஓடுங்கண்ணா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்...

என்னது?... ஆமா, கேட்டீங்க. எண்ணைத் தவிர வேற ஏதாவது வருமான்னு மெயில்ல கேட்டீங்க... 'வராது, உங்க வேலையைப் பாருங்க'ன்னு நான்தான் எழுதினேன். தினம் ஒரு கேள்வி கேட்டு நச்சரிக்கிறீங்களேன்னு கடுப்பு. யோசிக்காம... சரி, எழுத்தும் வரும்னு தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறேன், முதல்ல ஓடுங்க!

வந்துட்டீங்களா? பாட்டில் தொங்குதா?... கேளுங்க, சீக்கிரம் கேளுங்க...

ஏத்தலையா?... ஏன்?... உக்காந்து தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டு இருக்கிற ஆளுக்கு எப்படி சைபர் இருக்கும்னு நர்ஸே விரல்ல குத்திப் பார்த்தாங்களா? ஐயோ, அந்த மகராசி நல்லா இருக்கணும்!... இல்ல, அழல... அழுதா என்ன இப்போ?

சரி, சரி, திருத்திடலாம். எண்ணுக்கு ஒரு இடம், எழுத்துக்கு ஒரு இடம்னு நான் பிரிச்சு அனுப்புறேன், நீங்க ரெண்டையும் வாங்கிக்கிற மாதிரி மாத்துங்க. இன்னைக்கே. அதுவரைக்கும் சைபர் வந்தா நம்பாதீங்கன்னு நர்ஸ்கிட்ட...

என்ன சொல்றாங்க?... இருங்க, மெதுவா. ரெண்டு ப்ரோக்ராமையும் இணைச்ச இந்த மூணு வாரத்துல... இது முதல் சைபர் இல்லையா?... முன்னாடி சைபர் வந்தவங்களுக்கும் விரல்ல குத்திப் பார்த்தாங்கல்ல?... பார்த்தாங்கல்ல அண்ணா?

பார்க்கலையா?... எத்தனை பேருக்கு ஏத்தினாங்க?... அலோ?... அண்ணா... அலோ?