குவாரிக் கதவு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார். குறையாகச் சொல்லவில்லை. குவாரிக்குள் சர்க்கரை தீர்ந்து ரொம்ப நாளாயிற்று, நாக்குக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

வானத்தைச் சுத்தம் செய்யப்போகிறோம், மருந்துப் புகை அடிக்கும்போது வெளியே நின்றால் நுரையீரல் கருகிவிடும் என்று உலக அரசு அறிவித்தது. மேலூர்ப் பக்கத்துச் சனங்களை ஒரு பழைய கிரானைட் குவாரியில் இறக்கி மேலே கூரை போட்டார்கள். கதவுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். அதற்கு முன் நான் சிம்மக்கல்லில் ஒரு வெல்ல மண்டிக்கு வாட்ச்மேன். ஜெயபாண்டி என்ற என் பெயர் முதலாளிக்கே தெரியாது. குவாரியில் எல்லோருக்கும் நான் அண்ணன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

உலக அரசின் குரல் என் அறைக் கருவியில் மட்டும்தான் வரும். ஒருநாள் காலையில், வேலை முடிந்தது, கதவைத் திறந்துவிடுங்கள் என்றது. கதவில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். நாளைக்குத் திறக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். திறந்தாயிற்றா என்று கேட்டார்கள். ஆயிற்று என்றேன். பூமி முழுவதையும் ஆளுகிறவர்கள் என் ஒரு வார்த்தையை நம்பிவிட்டார்கள்.

உள்ளே மூச்சு முட்டியது உண்மைதான். நாலு பக்கமும் வெட்டிய பாறை. சிலர் அதைத் தடவிக்கொண்டே நாள் முழுக்கச் சுற்றி வந்தார்கள்.

"எப்பண்ணே தெறப்பாக?"

"காத்து இன்னும் சரியாகலப்பா."

காசிமாயன் மட்டும் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"நான் போய்ப் பாத்துட்டு வாரேண்ணே. செத்தா நான் ஒருத்தன்தான?"

மறுத்தால் சந்தேகம் வரும். அனுப்பினேன்.

வாசலில் இரண்டு இரும்புக் கதவுகள், நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஓர் அறை. அவன் திரும்பி வந்து அந்த அறைக்குள் நுழைந்ததும் வெளிக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்கதவை நான் திறக்கவில்லை. அந்த அறைக்குக் காற்று போகிற குழாயையும் அடைத்தேன். வெகுநேரம் தட்டினான்.

"வெசக்காத்து ஏறிருச்சு. தெறந்தா எல்லாரும் போயிருவோம்" என்றேன். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அவன் மனைவி சோலையம்மாள் அழவில்லை. கதவில் காதை வைத்தபடி நின்றாள். சத்தம் அடங்கியபின் என்னிடம் வந்தாள்.

"மழ பேயுது, ரோட்டுல பஸ்ஸு ஓடுது, வாடி சோலைன்னு கூப்புட்டாருண்ணே. நெஞ்சு கருகுன மனுசன் எப்படிண்ணே அம்புட்டு நேரம் பேசுவாரு?"

என் இடுப்பிலிருந்த சாவியை அவளே எடுத்தாள். நான் தடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவு திறந்தபோது அவன் உட்கார்ந்தபடி இருந்தான். சட்டையில் மழை ஈரம் காயவில்லை. அவனைத் தாண்டித்தான் எல்லோரும் வெளியே போனார்கள்.

காசிமாயனைக் கொன்றது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன் சார். அத்தனை பேர் போனார்கள். போய்ட்டு வாரேண்ணே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்?